எழுத்துக் கூட்டும் பாடம்

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26; பேச்சில் புழங்கும் ஒலிகள் ஏறக்குறைய 44. இந்தப் பற்றாக்குறையை அந்த மொழி எழுத்துகளைச் சேர்த்துச் சமாளிக்கிறது. எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் ‘ஷ்’; சியும் எச்சும் சேர்ந்தால் ‘ச்’. அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. ஷிப், ஷுகர், ஸ்டேஷன், ஓஷன், ஷெஃப் ஆகிய ஐந்து சொற்களிலும் ‘ஷ்’ ஒலிக்கிறது. ஐந்திலும் அதை எழுதும் விதம் வேறு. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கெழுத்துக் கூட்டோ ‘தோ’ என்ற சொல்லில் ஓகாரம், ‘த்ரூ’வில் ஊகாரம், ‘டஃப்’பில் ‘அஃப்’. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய காலத்தில் ஆங்கில உயிரொலிகள் இடம்மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்தை இறுக்கிப் பிடித்தது. நாக்கு தன் போக்கில் போனது. அந்த விலகலின் சுமை இன்று நான்கு வயதுக் குழந்தையின் தலையில் இருக்கிறது.

சுமை எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் சீமோர் குழு, 13 ஐரோப்பிய மொழிகளில் பள்ளியின் முதலாண்டை முடிக்கும் பிள்ளைகளைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. பழகிய எளிய சொற்களை ஃபின்லாந்து, கிரீஸ், ஜெர்மனிப் பிள்ளைகள் நூற்றுக்கு 97, 98 என்ற அளவில் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்குக் கைவந்தவை நூற்றுக்கு 34. அவர்கள் வயதில் இளையவர்கள்தாம். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு எழுத்துமுறையின் சிக்கலே முதற்காரணம் என்று குழு முடிவு செய்தது.

தமிழ்ப் பிள்ளையின் பாடு வேறு வகை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 வடிவங்களோடு பழகவே காலம் பிடிக்கும். பழகிவிட்ட எழுத்து பெரும்பாலும் ஏமாற்றாது. ‘காகம்’ என்ற சொல்லில் முதல் ககரம் ஒரு மாதிரியும் இரண்டாவது ஒரு மாதிரியும் ஒலித்தாலும் அது இடத்தைப் பொறுத்த மாற்றம். தமிழ் பேசும் பிள்ளைக்கு அதை யாரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வடிவங்கள் குறைவு, வஞ்சகம் அதிகம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்காக, வரிசையாகக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் என்ற முறை ஆங்கில நாடுகளில் இத்தனை விவாதத்தைக் கிளப்பியதற்குக் காரணம் இதுவே.

வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக 1986இல் எழுதிக் காட்டினார்கள் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனை, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வாசிப்பு கிடைக்கும். இங்கே பெருக்கல் குறி இருப்பது முக்கியம்: இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பழம்பாடல் ஒன்றைப் பிழையின்றிக் கூட்டிப் படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழிக்கும் பிள்ளையிடம் முதல் திறன் மட்டும் இருக்கிறது. பாட்டி சொன்னால் கண் விரியக் கேட்கும் கதையை, புத்தகத்தில் கண்டதும் திணறும் பிள்ளையிடம் இரண்டாவது மட்டும். பள்ளிக்கு வரும் பெரும்பாலான பிள்ளைகள் இந்த இரண்டாம் வகை. நாலைந்து ஆண்டு பேச்சைக் காதில் வாங்கியவர்கள், எழுத்தைக் காணாதவர்கள்.

எழுத்தைக் கூட்டக் கற்றபின் நடப்பதை இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்து டேவிட் ஷேர் 1995இல் விளக்கினார். ஒரு சொல்லைப் பிள்ளை தானே கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எழுத்து வரிசை நினைவில் பதிகிறது. சில முறைக்குப் பின் கூட்ட வேண்டிய தேவை போய், பார்த்த மாத்திரத்தில் சொல் எழுகிறது. எந்த ஆசிரியராலும் ஆயிரக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித்தர இயலாது. கூட்டத் தெரிந்த பிள்ளை அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. இந்தப் பதிவு நடக்கும் மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. பிரான்ஸின் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழு, பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறியாத பெரியவர்களையும் வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்களையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டது. இடது மூளையின் பின்புறக் கீழ்ப்பகுதியில், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் வட்டாரத்தில், எழுத்துக்கென்று ஒரு மூலை உருவாவது அதில் தெரிந்தது. பேச்சொலியைக் கையாளும் பகுதியும் கூடவே மாறியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில வகுப்பறைகளில் கோலோச்சியது வேறொரு கருத்து. நல்ல வாசகர் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, பொருளைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லை ஊகிக்கிறார் என்று அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1967இல் வாதிட்டார். படத்தைப் பார், வாக்கியத்தின் போக்கைப் பார், முதல் எழுத்தைப் பார், பிறகு சொல்லிப் பார் என்பது அதிலிருந்து முளைத்த பாடமுறை. 1998இல் இங்கிலாந்து நாடு முழுவதும் கொண்டுவந்த தேசிய எழுத்தறிவுத் திட்டமும் ஃபோனிக்ஸைப் பல உத்திகளில் ஒன்றாகவே வைத்தது. ஆனால் குட்மனின் கருத்து சோதனையில் நிற்கவில்லை. ஊகத்தை அதிகம் நம்புபவர் தடுமாறும் வாசகர்தான் என்பதை 1980 வாக்கில் கீத் ஸ்டானோவிச் என்ற ஆய்வாளர் காட்டினார். தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களில் நின்றுதான் நகர்கிறது என்பதைக் கண்ணசைவுப் பதிவுகள் காட்டின. ‘போனி’ என்ற சொல்லை, மேலே உள்ள படத்தைப் பார்த்து ‘ஹார்ஸ்’ என்று படிக்கும் பிள்ளை அன்றைக்குப் பாராட்டுக்கூடப் பெறும். படமில்லாத புத்தகம் கைக்கு வரும் வயதில்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் மூன்று நான்கு ஆண்டுகள் போயிருக்கும்.

ஃபோனிக்ஸிலும் பல வகை உண்டு. இங்கிலாந்து தேர்ந்தெடுத்தது, ஒலிகளைத் தனித்தனியே கற்று அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கும் வகை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில்தான் பெரும்பாலான பாடத்திட்டங்கள் தொடங்குகின்றன. ஏ, பி, சி என்ற வரிசை அகராதிக்கு உதவும், வாசிப்புக்கு உதவாது. இந்த ஆறும் வந்துவிட்டால் ஸேட், பின், டேப், பேன் என்று பல சொற்களைப் பிள்ளை தொடக்க வாரங்களிலேயே படித்துவிடும். கூட்டுவதோடு பிரிப்பதும் சேர்ந்தே நடக்கும்: சொல்லைக் காதால் கேட்டு, ஒலி ஒலியாக விரலில் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எழுத்து வைப்பது. பிறகு இரண்டெழுத்துக் கூட்டுகள், மூன்றெழுத்துக் கூட்டுகள், ஒரே ஒலிக்குரிய மாற்று எழுத்துகள் என்று படிப்படியாக ஏறும். ‘செட்’ என்று ஒலித்துக்கொண்டு எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதப்படும் சொல்லைப் போல முரண்டு பிடிப்பவற்றை, முரண்டு எந்த எழுத்தில் என்று சுட்டிக்காட்டிக் கற்பிக்கிறார்கள்.

எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்ல வேண்டும். ஒலியையும் தூய்மையாகச் சொல்ல வேண்டும். வகுப்பறைப் பிழை அதிகம் நேரும் இடம் இது. எம் எழுத்தைக் காட்டி ‘ம’ என்றும், டி எழுத்தைக் காட்டி ‘ட’ என்றும் சொல்லிக்கொடுத்தால் ‘மேட்’ என்ற சொல் ‘ம-ஏ-ட’ ஆகிவிடும். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அதிலிருந்து ‘மேட்’ பிறக்காது. உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்றே சொல்ல வேண்டும். தமிழ் வாசகருக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: புள்ளி. மெய்யை அகரம் ஏற்றிச் சொல்லும் வழக்கம் தமிழ் இலக்கண மரபிலும் இருக்கிறது. ஆனால் புள்ளி வைத்த வடிவம் கண்ணெதிரே இருப்பதால் ‘ம்’ வேறு, ‘ம’ வேறு என்பது தமிழ்ப் பிள்ளைக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. ஆசிரியரின் வாய்தான் அங்கே புள்ளி.

இந்த முறைக்கு அரசியல் வலு சேர்த்தது ஸ்காட்லாந்தின் கிளாக்மன்னன்ஷயர் என்ற சிறு மாவட்டம். ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அங்கே சுமார் 300 பிள்ளைகளை ஏழாண்டு தொடர்ந்து கவனித்து 2005இல் அறிக்கை தந்தார்கள். தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது சொற்களைப் படிப்பதில் அந்தப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய அளவைவிட மூன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது: படித்ததைப் புரிந்துகொள்வதில் முன்னேற்றம் மூன்றரை மாதம் மட்டுமே. கஃபும் டன்மரும் எழுதிய பெருக்கல் கணக்கின்படி வியப்புக்கு இடமில்லை. பெருக்கப்படும் இரண்டு எண்களில் ஒன்றைத்தான் ஃபோனிக்ஸ் கூட்டியது. ஆய்வின் அமைப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. ஆயினும் முன்னாள் பள்ளி ஆய்வாளர் ஜிம் ரோஸ் தலைமையில் இங்கிலாந்து அரசு அமைத்த குழு, இந்த வகை ஃபோனிக்ஸே முதன்மை முறையாக வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது.

பரிந்துரை எழுதுவது எளிது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில், தாங்களே ஊகித்துப் படித்து வளர்ந்த ஆசிரியர்களின் கையில் அது எப்படிப் போய்ச் சேரும்? ரோஸ் குழுவின் பணியையொட்டி 18 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒரு முன்னோட்டம் நடந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்தறிவு ஆலோசகர்; அவர் பொறுப்பில் பத்துப் பள்ளி அளவில். அவர் வகுப்பறைக்கே போய் ஆசிரியருக்குப் பயிற்சி தந்தார். பின்னர் ஆண்டுக்குச் சில பகுதிகளாகத் திட்டம் விரிந்தது. எல்லாருக்கும் ஒரே நாளில் போகாமல் தவணை முறையில் போனது ஆய்வாளர்களுக்கு வரமாயிற்று: பெற்ற பகுதியையும் பெறாத பகுதியையும் ஒப்பிட முடிந்தது. ஸ்டீஃபன் மேச்சின், சாண்ட்ரா மெக்நாலி, மார்ட்டினா வியரெங்கோ ஆகிய பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி ஐந்து, ஏழு வயதுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது. 11 வயதில் சராசரிப் பிள்ளையிடம் அது கரைந்துவிட்டது. மற்றவர்கள் எப்படியோ எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளிடமும் மட்டும் பலன் நிலைத்தது. லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற வட்டாரங்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாம் குழுவைச் சேர்ந்தவர்களே. வீட்டில் உதவி இருக்கும் பிள்ளை எந்த முறையிலும் தேறிவிடும். பள்ளி தவறினால் வேறு வழியில்லாத பிள்ளைக்குத்தான் முறை முக்கியம்.

2012 ஜூனில் தேசிய அளவில் ஒரு சோதனையும் வந்தது. ஐந்தாறு வயதுப் பிள்ளை ஆசிரியர் முன் தனியே உட்கார்ந்து 40 சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது, இட்டுக்கட்டியவை. பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும், அதன் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்த சொல்லை ஒப்பிக்க இயலாதபடி, எழுத்தைக் கூட்டத் தெரிகிறதா என்பதை மட்டும் பார்க்கும் உபாயம் இது. நன்றாகப் படிக்கும் சில பிள்ளைகள் இட்டுக்கட்டிய சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திப் படித்துத் தவறுகிறார்கள் என்ற புகார் அன்றிலிருந்து இருக்கிறது. தேர்ச்சிக்கு 32 சரியாக இருக்க வேண்டும் என்று முதலிரண்டு ஆண்டுகளில் முன்கூட்டியே அறிவித்தார்கள். முடிவுகளை வரைபடமாக்கியபோது 31இல் மிகச் சிலரும் 32இல் திடீரென்று மிகப் பலரும் இருந்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையைக் கைதூக்கிவிடுவது ஆசிரியர்களின் இயல்பு. 2014 முதல் அந்த எண்ணைச் சோதனை முடிந்தபின்னரே வெளியிடுகிறார்கள். தேர்ச்சி 2012இல் 58 சதவீதம், 2019இல் 82 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022இல் 75ஆக இறங்கி, 2024இல் 80ஐத் தொட்டது.

சோதனை நோயைச் சொல்லும், மருந்து தராது. அதற்காக 2018இல் சிறந்த தொடக்கப் பள்ளிகள் சிலவற்றைத் தேர்ந்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் மையங்களாக அரசு ஆக்கியது. முதலில் 2.63 கோடி பவுண்டு ஒதுக்கீட்டில் 32 மையங்கள், பின்னர் 34. இந்த ஏற்பாட்டின் பலம், உதவ வருபவர் அதிகாரியல்லர், ஆசிரியர் என்பது. முந்தின நாள் தன் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர் மறுநாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வருகிறார். மதிப்பெண் போட வரவில்லை என்பதால் ஆசிரியர்கள் குறையை மறைப்பதில்லை. பலவீனமான பள்ளிகளுக்கு ஆண்டு முழுவதும் பல முறை இந்த வருகை உண்டு: முதலில் நிலையை அளந்து, திட்டம் வகுத்து, வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, தேவையானால் தானே பாடம் நடத்திக் காட்டுவது.

அப்படி வருபவர் கண்ணில் படும் குறைகள் பெரும்பாலும் சின்னவை, ஆனால் பிடிவாதமானவை. நாலு வயது வகுப்பில் ஒரு பாடத்திட்டம், அடுத்த வகுப்பில் இன்னொன்று. முதல் ஆண்டில் பழகிய வரிசையும் சைகையும் இரண்டாம் ஆண்டில் செல்லாக்காசு. இருபது நிமிடப் பாடத்தில் பாதியை விளையாட்டு விழுங்கிவிடும்; ‘ஸாக்’ என்ற சொல்லைப் படிக்க வேண்டிய பிள்ளை காலுறைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார், உதவி ஆசிரியர் போயிருக்க மாட்டார். மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் குழுவோ அந்த உதவி ஆசிரியரிடம்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் கெட்டது புத்தகம். காலையில் ஆறெழுத்தைக் கற்ற பிள்ளை மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகத்தில் அது பார்த்தறியாத கூட்டுகள் நிறைந்திருந்தால், பிள்ளைக்கு ஊகிப்பதைத் தவிர வழியில்லை. பள்ளி கட்டியதை வீடு இடித்துவிடும். அதனால் அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டுமே ஆன கதைப் புத்தகங்கள் தேவை. இவற்றின் கதை பெரும்பாலும் சுவையற்றது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆறெழுத்தில் காவியம் எழுத முடியாது. ஆகவே சுவைக்கு வேறு ஏற்பாடு: நல்ல கதைகளை ஆசிரியர் தினமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. பயிற்சிக்கு ஒரு புத்தகம், இன்பத்துக்கு இன்னொன்று என்று பிள்ளையின் பையில் இரண்டு இருக்கும்.

பின்தங்கும் பிள்ளையைப் பருவ இறுதியில் கவனிக்காமல், காலையில் தவறவிட்ட ஒலியை அன்றைக்கே சில நிமிடம் தனியே பயிற்றுவிக்கும் வழக்கமும் இந்த மையங்கள் வலியுறுத்துவது. ஆறு வாரத்துக்கொரு முறை ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஒலியில் நிற்கிறது என்று பார்த்துக் குழுக்களை மாற்றியமைக்க வேண்டும். இதைக் கவனிக்க ஒரு வாசிப்புப் பொறுப்பாளர் வேண்டும். அவருக்கு வகுப்பிலிருந்து விடுப்பு நேரம் தர வேண்டும். தலைமையாசிரியர் கையில்தான் அந்த நேரம் இருக்கிறது என்பதால் மையத்தின் முதல் பேச்சே அவரோடுதான்.

அரசும் தன் பங்குக்கு நெருக்கியது. 2019 முதல் ஆஃப்ஸ்டெட் என்ற பள்ளி ஆய்வு அமைப்பு ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் தொடக்க வாசிப்பைத் துருவிப் பார்க்கத் தொடங்கியது. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை ஆய்வாளர் தம்மெதிரில் படிக்கச் சொல்லிக் கேட்டார். 2021இலிருந்து, 16 அளவுகோல்களில் தேறிய பாடத்திட்டங்களைக் கல்வித்துறை பட்டியலிட்டது. 2007இல் அரசே வெளியிட்ட கையேடு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒலி வரிசை அதில் இருந்தது. புத்தகங்களும் பயிற்சியும் இல்லை. முழுத் திட்டமாகாது என்று தன் பழைய கையேட்டை அரசே ஒதுக்கியது அபூர்வமான நேர்மை.

விளைவு பற்றிய சண்டை ஓயவில்லை. ‘பர்ல்ஸ் 2021’ என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இங்கிலாந்து 558 புள்ளி பெற்று நான்காம் இடத்துக்கு வந்ததை அமைச்சர்கள் ஃபோனிக்ஸின் வெற்றி என்றார்கள். 2016இல் அதே நாடு பெற்றது 559. மற்ற நாடுகள் பெருந்தொற்றில் சறுக்கியபோது இது சறுக்காமல் நின்றது என்பதே சரியான கணக்கு. அதுவும் சிறிய சாதனை இல்லை. மறுபக்கம், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டொமினிக் வைஸ், ஆலிஸ் பிராட்பரி இருவரும் 2022இல், இங்கிலாந்து ஃபோனிக்ஸைத் தனியே பிரித்து அளவுக்கு மீறி அழுத்துகிறது, அதைக் கதையோடும் எழுத்துப் பயிற்சியோடும் பின்னிக் கற்பிப்பதே ஆய்வுகளுக்குப் பொருந்துவது என்றார்கள். ஃபோனிக்ஸே வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை. 11 வயதுத் தேர்வில் வாசிப்பில் எதிர்பார்த்த தரத்தை எட்டாதவர்கள் இன்றும் ஏறத்தாழ நாலில் ஒருவர். ஆறு வயதில் எழுத்தைக் கூட்டத் தெரிந்து 11 வயதில் பொருள் பிடிபடாமல் நிற்கும் பிள்ளைக்குக் குறைவது சொல்வளமும் உலகறிவும். அதை எந்த எழுத்து அட்டையும் தராது. உதவி மையங்களுக்கு ஃபோனிக்ஸோடு பேச்சு வளர்ப்பையும் வாசிப்பு ஆர்வத்தையும் பொறுப்பாக வைத்ததற்கு இதுவே காரணம்.

அந்த 40 சொல் சோதனையில் முதல்முறை தவறியவர்கள் அடுத்த ஆண்டு மீண்டும் படித்துக் காட்டுகிறார்கள். 2024இல் இரண்டாம் வகுப்பு முடிவில் 89 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள்; ஒன்பதில் ஒருவர் மீதி. இவர்களில் பலருக்குச் சிறப்புக் கல்வித் தேவைகள் உண்டு. சிலர் நடுவில் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். 2021இல் வெளியிட்ட வாசிப்பு வழிகாட்டியைக் கல்வித்துறை 2023இல் விரித்து எழுதியபோது மேல்வகுப்புகளில் தடுமாறும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதும் அதே ஒலிகள், அதே வரிசைதான். ஆனால் நாய்க்குட்டி சேற்றில் புரளும் கதையை 12 வயதுப் பையனிடம் கொடுத்தால் அவன் புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்க மாட்டான். எளிய எழுத்துக் கூட்டுகளில், அந்த வயதுக்குரிய கால்பந்தும் திகிலும் துப்பறியும் கதையும் கொண்ட புத்தகங்களைப் பதிப்பகங்கள் இப்போது தனி வரிசையாக வெளியிடுகின்றன.